டிஸ்னி ஓட்ட வாரத்துக்குக் குடும்பமாகப் போகிறோம்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

இரணைமடுக்காரி | 5 ஒக்டோபர், இரவு 9.12

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா வரும் ஜனவரியில் புளோரிடாவில் நடக்கும் டிஸ்னி மரதன் வார இறுதியில் ஓடுகிறார். சனிக்கிழமை அரை மரதன், மறுநாள் முழு மரதன், இரண்டுமே. எங்களையும் வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். விசா கிடைத்துவிட்டது. அம்மா (69), நான், மகள் (12), மகன் (8) நாலு பேரும் போகிறோம். இவர் வயலோடு நிற்கிறார், காலபோகத்தை விட்டுவிட்டு வர ஏலாது.

ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் நல்ல ஓட்டக்காரி. 1996 இல் மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தார். அந்த வருடம்தான் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. நாங்கள் அக்கராயன் போய், பிறகு மல்லாவி போய், அதோடு அவருடைய ஓட்டம் நின்றது. அம்மா வயல் வேலையாலும் வீட்டு வேலையாலும் அக்கா ஓடியதை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. "ஒருக்கால் அம்மா பாக்கவேணும்" என்று அக்கா சொல்கிறார். அவ்வளவுதான் காரணம்.

வியாழக்கிழமை நடக்கும் 5 கி.மீ. ஓட்டத்துக்கு என்னையும் பிள்ளைகளையும் அக்கா பதிந்துவிட்டார். எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. பிள்ளைகளால் முடியுமா? குளிர் எப்படி? எல்லாவற்றிலும் முக்கியம், அம்மாவை எங்கே இருத்துவது, எப்படிக் கூட்டிப்போவது? போனவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.

மாங்குளத்தான் | 6 ஒக்டோபர், காலை 6.40

தங்கச்சி, லண்டனில் இருக்கும் என் தம்பியோடு இரண்டு வருடத்துக்கு முன் போனேன். நான் 10 கி.மீ. பாதி ஓடிப் பாதி நடந்து முடித்தேன். தம்பி நாலு நாளும் ஓடினான். வியாழன் 5, வெள்ளி 10, சனி 21.1, ஞாயிறு 42.2. நாலையும் ஓடினால் அதற்கு டோப்பி என்று பெயர், மொத்தம் 78 கி.மீ. உங்கள் அக்கா ஓடுவது கூஃபி, 63 கி.மீ. லேசான காரியம் இல்லை. அவரை இப்போதே வாழ்த்துகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், அங்கேதான் குடும்பங்கள் சிக்குப்படுகின்றன. ஓட்டம் அதிகாலை 5 மணிக்குத் தொடங்கும். டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்கள் அன்றும் வழமைபோலத் திறக்கவேண்டும், வீதிகளையும் விடவேண்டும், அதனால்தான் இருட்டில் தொடங்குகிறார்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் அவர்களுடைய பஸ் ஏறத்தாழ மூன்று மணிக்கே வந்து ஏற்றும். வெளியே வீடெடுத்துத் தங்கினால் சொந்த வாகனத்தில் எப்கொட் என்ற பூங்காவின் தரிப்பிடத்துக்குப் போகவேண்டும், அதுவும் மூன்றரைக்கு முன். பிறகு வீதிகளை மூடிவிடுவார்கள். ஆக, இரண்டு மணிக்கு எழும்பவேண்டும்.

இதில் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. அங்கத்தை நேரம் எங்களுக்கு பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே விடிய 2 மணி என்றால் இங்கே மதியம் 12.30. முதல் சில நாள் உடம்பு ஊர் நேரத்திலேயே நிற்கும், இரண்டு மணிக்குத் தானாக முழிப்பு வரும். மாற்ற முயலாதீர்கள். பின்னேரம் ஆறு ஏழுக்குப் பிள்ளைகளைப் படுக்கப்போடுங்கள்.

நெஞ்சில் குத்தும் இலக்கத்தை ஓட்டத்துக்கு முன் ஈ.எஸ்.பி.என். விளையாட்டு வளாகத்தில் நடக்கும் கண்காட்சியில் நீங்களே போய் வாங்கவேண்டும். கடவுச்சீட்டு கட்டாயம். உங்களுக்காக அக்கா போய் வாங்க முடியாது. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். 5 கி.மீ. ஓட ஐந்து வயது நிரம்பினால் போதும், 10 கி.மீ.க்குப் பத்து வயது, அரை மரதனுக்கு 14, முழு மரதனுக்கு 18.

இன்னொன்று. ஒரு மைலை 16 நிமிடத்துக்குள் கடக்கவேண்டும். கடைசியாகப் புறப்படும் ஆட்களோடு பலூன் கட்டிய பெண்கள் அந்த வேகத்தில் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் விழுந்தால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஓட்டக்காரர்கள் பல பிரிவாகப் புறப்படுவார்கள், முன் பிரிவில் நின்றால் அவ்வளவு நேரம் கையிருப்பு.

முல்லைக்கரையாள் | 6 ஒக்டோபர், மாலை 4.05

அக்கா, குளிரைக் குறைவாக நினைக்காதீர்கள். புளோரிடா வெயில் ஊர் என்று எல்லாரும் சொல்வார்கள். ஜனவரி விடியப்புறம் அப்படி இல்லை. 2010 இல் உறைநிலைக்குக் கிட்டப் போனது. அடுத்த நாளே வேர்த்துக் கொட்டவும் கூடும். இரண்டு மணித்தியாலம் வெட்டவெளியில் நின்றுதான் ஓடத்தொடங்குவீர்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், புறப்படும்போது ஓரத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அவற்றைச் சேர்த்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு முதலே சொல்லி வையுங்கள். என் மாமி அந்த உடுப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் ஏன் எறியினம்" என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தா.

அம்மாவுக்குத் தடித்த காலுறை இரண்டு சோடி, காதை மூடும் தொப்பி, ஒரு போர்வை. மடக்குக் கதிரை ஒன்றை அங்கேயே வாங்குங்கள். பழமும் இறைச்சியும் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

இரணைமடுக்காரி | 6 ஒக்டோபர், இரவு 8.50

மாங்குளத்தான் அண்ணாவுக்கும் முல்லைக்கரையாளுக்கும் நன்றி. 16 நிமிட மைல் என்பதை இங்கே எப்படி அளந்து பார்ப்பது? மகள் பறப்பாள். நானும் மகனும்தான் பின்தங்குவோம்.

விசுவமடுத் தம்பி | 7 ஒக்டோபர், காலை 5.55

அக்கா, மைல் என்றால் எங்கள் பழைய கட்டைதான். ஏ9 வீதியில் 155ஆம் கட்டை என்று ஊருக்கே பெயர் இருக்கிறதே, அந்தக் கட்டை. ஒரு கட்டையை 16 நிமிடத்தில் கடந்தால் போதும். கிலோமீற்றரில் சொன்னால் கிட்டத்தட்ட பத்து நிமிடம். அதன்படி 5 கி.மீ.க்கு 50 நிமிடம், அரை மரதனுக்கு மூன்றரை மணித்தியாலம், முழு மரதனுக்கு ஏழு மணித்தியாலம். சாதாரண நடையில் ஒரு கி.மீ.க்குப் பன்னிரண்டு நிமிடம் போகும். விறுவிறு என்று கை வீசி நடந்து, இடையிடையே ஓடினால் சரி.

நான் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறவன், அதனால் சொல்கிறேன். கிழமைக்கு மூன்று நாள் போதும். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து தொடங்குங்கள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள். மகனை அவன் போக்கில் விடுங்கள், சின்னப் பிள்ளைகள் முதல் ஐந்நூறு மீற்றர் பாய்ந்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மெதுவாகத் தொடங்கப் பழக்குவதுதான் அவனுக்குத் தேவையான பயிற்சி. ஐப்பசி கார்த்திகையில் மழை வரும், அதற்கு முன் இந்த மாதத்தைப் பயன்படுத்துங்கள். விடிய ஐந்து மணிக்கு ஓடிப் பழகுங்கள், அங்கேயும் அதே இருட்டுத்தான்.

சப்பாத்தை இப்போதே வாங்கி அதில்தான் ஓடுங்கள். கண்காட்சியில் புதிதாக வாங்கி மறுநாள் போட்டால் குதிக்கால் கொப்புளிக்கும். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

வயதைப் பற்றி யாராவது பேசினால் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைச் சொல்லுங்கள். 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 72 வயதில் தங்கம் வென்றவர். எங்கள் மண் தான்.

பூநகரியான் | 7 ஒக்டோபர், இரவு 10.20

எனக்கு வேறு கருத்து, கோபிக்கக்கூடாது. ஒரு மரதன் பதிவுக்கு மட்டும் 200 டொலருக்கு மேல். பூங்காவுக்குள் போக ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு டொலருக்கு மேல். நாலு பேருக்கு விமானச் சீட்டு. விசா விண்ணப்பத்துக்கே ஆளுக்கு 185 டொலர். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு புழுதியில் ஓடுகிறார்கள். இந்தக் காசில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எத்தனை சோடிச் சப்பாத்து வாங்கலாம்? வயதான அம்மாவை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவதும் சரியா என்று யோசியுங்கள்.

இரணைமடுக்காரி | 8 ஒக்டோபர், காலை 6.15

பூநகரி அண்ணா, கோபம் இல்லை. நீங்கள் சொன்ன கணக்கை நானும் போட்டேன். அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து நாலு வருடமாகச் சேர்த்த காசு இது. அதை எதற்குச் செலவழிப்பது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "பிள்ளை ஓடுறதைப் பாக்க எனக்கு ஏலும்" என்றார். ஆனால் சப்பாத்து விஷயம் என் மனதில் நிற்கிறது. அதை விடமாட்டேன்.

நெடுங்கேணி அக்கா | 8 ஒக்டோபர், இரவு 7.30

ஒருவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டும். தங்கச்சி, அம்மா சண்டை முடியும்வரை வன்னிக்குள்ளேயே நின்றவரா?

நான் கனடாவில் இருந்தபோது ஜூலை முதலாம் திகதிக் கொண்டாட்டத்துக்கு என் அம்மாவைக் கூட்டிப்போனேன். வாணவேடிக்கை என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது நினைவிலேயே வரவில்லை. முதல் வெடி வெடித்ததும் அம்மா நிலத்தில் விழுந்து படுத்துவிட்டா. என் மகனையும் இழுத்துத் தனக்குக் கீழே போட்டா. சுற்றி நின்றவர்கள் என்ன என்று பார்த்தார்கள். பிறகு மூன்று நாள் அவ சாப்பிடவில்லை. என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டிஸ்னி என்றாலே இரவில் வாணவேடிக்கை என்று கேள்வி. ஓட்டத்திலும் இருக்கிறதா? மாங்குளத் தம்பி, சொல்லுங்கள்.

மாங்குளத்தான் | 8 ஒக்டோபர், இரவு 9.02

இருக்கிறது அக்கா. இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்கவேண்டும். ஒவ்வொரு பிரிவும் புறப்படும்போது வெடி விடுவார்கள். ஒருமுறை இல்லை, பிரிவுக்குப் பிரிவு. இருட்டு, ஒலிபெருக்கி, ஆயிரக்கணக்கான சனம், திடீரென்று தலைக்கு மேலே வெளிச்சமும் சத்தமும். எனக்கே முதல் வெடிக்கு நெஞ்சு அடைத்தது. பக்கத்தில் நின்ற அமெரிக்கர்கள் கைதட்டினார்கள். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா புறப்படும் இடத்துக்கு வரத்தேவையில்லை. முழு மரதன் நாலு பூங்காவுக்குள்ளாலும் போகும். டிஸ்னியின் காணி நூறு சதுர கிலோமீற்றர் அளவு, அதனால் ஓட்டம் அதற்குள்ளேயே சுற்றி வரும். நடுவில் பார்க்க நல்ல இடம் மஜிக் கிங்டம் பூங்காவுக்குப் பக்கத்துப் பஸ், மோனோரெயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) நிலையம். எப்கொட்டிலிருந்து மோனோரெயிலில் வரலாம், இருக்க இடம் இருக்கும். விடிந்த பிறகு வந்து இருந்தாலே போதும்.

நடைப்பயணி | 9 ஒக்டோபர், மதியம் 1.45

இந்த இழையை மூன்று நாளாக வாசிக்கிறேன். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009 இல் போனது. யாழ்ப்பாணத்தில் செய்த ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறேன். தோட்டம் செய்கிறேன், சைக்கிள் ஓடுகிறேன். என் சித்தப்பாவின் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், வா அண்ணா வா என்று கூப்பிடுகிறாள். என்னைப் போன்றவர்கள் அங்கே 5 கி.மீ. நடக்க விடுவார்களா? 50 நிமிடம் எனக்கும்தானா?

மாங்குளத்தான் | 9 ஒக்டோபர், மாலை 6.10

தம்பி, தாராளமாக. செயற்கைக் காலோடு ஓடியவர்களை நான் கண்ணால் கண்டேன், சக்கர நாற்காலியைக் கையால் தள்ளிப் போட்டியிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நேர எல்லை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த நேரம் கடைசி ஆள் புறப்பட்டதிலிருந்து கணக்கு. முன் பிரிவில் நின்றால் பத்து இருபது நிமிடம் கூடக் கிடைக்கும். பதியும்போதே உங்கள் நிலையை எழுதி, என்ன உதவி தேவை என்று கேளுங்கள்.

விசுவமடுத் தம்பி | 9 ஒக்டோபர், இரவு 8.25

அண்ணா, நடைக்கு முன்னும் பின்னும் காலின் முனையைப் பாருங்கள், சிவந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். தூரத்தைக் கிழமைக்கு அரைக் கிலோமீற்றருக்கு மேல் கூட்டவேண்டாம். மாற்றுக் காலுறை எப்போதும் பையில் இருக்கட்டும், வேர்வையில் நனைந்தால்தான் புண் வரும்.

இரணைமடுக்காரி | 22 ஜனவரி, இரவு 8.40

வந்து சேர்ந்துவிட்டோம். பொங்கலுக்கு அங்கேயே அக்காவோடு பால் பொங்கினோம், வீட்டுக்குள்தான், அடுப்பில் பொங்கி வழிய விட்டோம். இவர் இனி வெட்டு மெஷினுக்குச் சொல்லவேண்டும் என்று நிற்கிறார். அதற்கு முன் எழுதிவிடுகிறேன், உங்களுக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து துபாய், அங்கிருந்து நேரே ஓர்லாண்டோ. கிஸிம்மீயில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்திருந்தார் அக்கா. சோறும் பருப்பும் வீட்டில் கிடைத்ததால் அம்மா களைக்கவில்லை. யாராவது போவதென்றால் இதை முதலில் பாருங்கள். ஹோட்டல் என்றால் பஸ் வசதி, வீடு என்றால் சாப்பாட்டு வசதி. வயதானவர் இருந்தால் வீடுதான்.

வெடியைப் பற்றி அம்மாவிடம் போவதற்கு முன்பே சொன்னேன். நெடுங்கேணி அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். போனில் புறப்படும் காட்சியைத் தேடி, முதலில் சத்தம் இல்லாமல், பிறகு சத்தத்தோடு காட்டினேன். அம்மா இரண்டு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தானாகவே, "நான் வியாழக்கிழமை வரேல்லை, ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்றார்.

வியாழக்கிழமை 5 கி.மீ. நல்ல குளிர். மகன் முல்லைக்கரையாள் சொன்ன மாதிரிப் பழைய சட்டை போட்டு, அதைக் கழற்றிப் போட மனமில்லாமல் இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடினான். வழியில் டிஸ்னிப் பாத்திரங்கள் வேடம் போட்டு நிற்பார்கள், படம் எடுக்க வரிசை நிற்கும். ஒரே ஒரு படம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம், மகன் பொறுமையாக நின்று எடுத்தான். வரிசை நீளம், நேரம் அங்கேதான் போகும். 46 நிமிடத்தில் முடித்தோம். மகள் எங்களை விட்டு ஓடவில்லை. முழுத் தூரமும் தம்பியின் பக்கத்திலேயே வந்தாள். நான் கேட்காமலே செய்தாள்.

வெள்ளிக்கிழமை நான் செய்தது பிழை. சும்மா இருக்கும் நாள்தானே என்று எல்லாரும் அனிமல் கிங்டம் போனோம். மாலைக்குள் அம்மாவின் கால் இரண்டும் வீங்கிவிட்டது. அக்கா வீட்டில் படுத்திருக்கவேண்டியவர், எங்களுக்காக நடந்தார். உள்ளே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், அதைக்கூட நான் எடுக்கவில்லை. ஓட்டம் முழுவதும் முடியும்வரை பூங்காப் பக்கம் போகாதீர்கள். நாங்கள் மஜிக் கிங்டம் போனது திங்கட்கிழமை. அன்று ஊர் முழுக்கப் பதக்கத்தோடு திரிந்தது, அந்த நாள்தான் பிள்ளைகளுக்கு உண்மையான விடுமுறை.

சனிக்கிழமை அரை மரதன், அக்கா 2 மணி 50 நிமிடம். நாங்கள் வீட்டில் நின்றோம்.

இனி ஞாயிறு.

மூன்று மணிக்கு எப்கொட் தரிப்பிடத்துக்குப் போய்விட்டோம். அம்மாவை வாகனத்துக்குள் இருத்தி, கண்ணாடியைப் பூட்டி, போர்வை போர்த்தினேன். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐந்து மணிக்கு முதல் வெடி. அம்மாவின் கை என் கையை இறுக்கியது. நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று எனக்கு விளங்கியது. ஷெல் குத்துற சத்தம் கேட்டால் அது விழும்வரை எண்ணுவோமே, அந்த எண்ணல். இரண்டாவது, மூன்றாவது. பிறகு அம்மா சொன்னார்: "குத்துற சத்தம் மட்டும்தான் கேக்குது. விழுற சத்தம் இல்லை." கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். கடைசிப் பிரிவு போகும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் அவருடைய தோளில் சாய்ந்திருந்தாள்.

அக்கா புறப்பட்டது 5.40 இற்கு. ஓட்டக்காரர் ஒவ்வொரு கட்டமாகக் கடக்கும்போது போனுக்குச் செய்தி வரும், முதலே பதிந்து வைக்கவேண்டும். இவருடைய இலக்கத்தையும் கொடுத்திருந்தோம். இங்கே பின்னேரம் நாலு பத்துக்கு முதல் செய்தி, வயல் வரம்பில் நின்று பார்த்தாராம்.

நாங்கள் மோனோரெயிலில் மாங்குளத்தான் அண்ணா சொன்ன நிலையத்துக்குப் போனோம். அம்மாவுக்கு மடக்குக் கதிரை, காலுக்கு இரண்டு சோடி காலுறை, சேலைக்கு மேலே அக்காவின் பெரிய குளிர்ச்சட்டை. சனம் மணி அடித்து, பெயர் சொல்லிக் கத்தி உற்சாகப்படுத்துகிறது. நெஞ்சு இலக்கத்தில் பெயர் இருப்பதால் முன்பின் தெரியாதவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா முதலில் பேசாமல் இருந்தார். பிறகு வருகிற எல்லாருக்கும் கைதட்டத் தொடங்கினார். ஒரு வயதான வெள்ளைக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார், அவருக்கு எழும்பி நின்று தட்டினார்.

அக்கா வந்தார். எங்களைக் கண்டதும் வேகம் குறைந்தது. அம்மா மடியிலிருந்து ஒரு துண்டு பனங்கட்டி எடுத்து அவர் வாயில் வைத்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நில்லாதை, ஓடு" என்றார். அரை நிமிடம்கூட இருக்காது. அக்கா அழுதுகொண்டே ஓடினார். நான் போன் எடுத்துப் படம் பிடிக்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு எப்கொட்டில் முடித்தார். 6 மணி 20 நிமிடம். இங்கே இரவு பத்தரை, இவர் விழித்திருந்து செய்தியைப் பார்த்துவிட்டு அழைப்பு எடுத்தார். அரை மரதனுக்கு டொனால்ட், முழு மரதனுக்கு மிக்கி, இரண்டுக்கும் சேர்த்துக் கூஃபி என்று மூன்று பதக்கம். மிக்கிப் பதக்கத்தைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டார் அக்கா. அன்றிரவு தூங்கப் போகும்போதுதான் அம்மா கேட்டார், எவ்வளவு தூரம் ஓடினவள் என்று. 42 கி.மீ. என்றேன். பரந்தனில் தொடங்கினால் புதுக்குடியிருப்பைத் தாண்டி முள்ளிவாய்க்கால் பக்கம் போய்விடும் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த ரோட்டை நாங்கள் நாலு மாதமா நடந்தனாங்கள்" என்றார்.

நெடுங்கேணி அக்கா | 22 ஜனவரி, இரவு 9.35

வாசித்தேன் தங்கச்சி. நல்லாச் செய்தீர்கள். கண்ணாடியை இறக்கச் சொன்ன இடத்தில் என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியாமல் எழும்பிப் போய்விட்டு வந்தேன். என் அம்மா இப்போது இல்லை.

பூநகரியான் | 23 ஜனவரி, காலை 7.10

நான் எழுதியதைத் திருப்பி எடுக்கவில்லை, காசுக் கணக்கு கணக்குத்தான். ஆனால் இந்தப் பயணம் போகவேண்டியதுதான். இப்போது அப்படித்தான் எனக்குப் படுகிறது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இரணைமடுக்காரி | 23 ஜனவரி, மாலை 5.20

சொன்னேன் அண்ணா. சப்பாத்து விஷயமும் மறக்கவில்லை. அக்காவோடு ஓடும் கூட்டத்தில் சிலர் நல்ல நிலையிலுள்ள சப்பாத்துகளைச் சேர்த்துத் தந்தார்கள். எங்கள் நாலு பேரின் பெட்டியிலும் 31 சோடி வந்தது. அளவு பார்த்துக் கொடுக்கவேண்டும். விசுவமடுத் தம்பி, உங்கள் பிள்ளைகளின் கால் அளவை எழுதி அனுப்புங்கள்.

மாங்குளத்தான் | 23 ஜனவரி, இரவு 8.00

போக நினைக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சேர்த்துவிடுகிறேன். 2017 இல் மின்னல் காரணமாக அரை மரதனையே ரத்துச் செய்தார்கள். பலர் தாங்கள் தங்கிய ஹோட்டல் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி அந்தத் தூரத்தை ஓடி முடித்தார்கள். பதிந்த காசு திரும்பாது, பதிவை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. இடங்கள் பதிவு திறந்த கையோடு முடிந்துவிடும். குடும்பமாகப் போவதென்றால் விசா, விடுப்பு எல்லாவற்றையும் ஒரு வருடம் முன்பே யோசிக்கவேண்டும்.

நடைப்பயணி | 25 ஜனவரி, இரவு 7.15

ஒக்டோபரில் எழுதியவன் நான்தான். மழைக்குள்ளும் விடாமல் நடந்தேன். தொடங்கும்போது 5 கி.மீ.க்கு 1 மணி 22 நிமிடம் எடுத்தது. இன்று விடிய இரணைமடுக் கட்டுப் பக்கம் 1 மணி 4 நிமிடம். நடுவில் ஒரு கிழமை காலின் முனை புண்ணாகி நிறுத்தினேன், தம்பி சொன்னபடி. இன்னும் 14 நிமிடம் குறையவேண்டும். தனியே நடந்தால் மூன்றாவது கிலோமீற்றரில் வேகம் விழுந்துவிடுகிறது, அதுதான் சிக்கல்.

விசுவமடுத் தம்பி | 25 ஜனவரி, இரவு 7.40

அண்ணா, வரும் ஞாயிறு நான் வருகிறேன். மூன்றாவது கிலோமீற்றரிலிருந்து பக்கத்தில் நடக்கிறேன்.

இரணைமடுக்காரி | 25 ஜனவரி, இரவு 8.05

நானும் மகளும் வருகிறோம். விடிய ஐந்து மணி, கனகாம்பிகை அம்மன் கோவிலடி. தண்ணீரும் பனங்கட்டியும் நான் கொண்டுவாறன்.